முதலாளி தலை சாய்த்த இடம்

கார் சீட்டில் வரும் கறைக்கு எவனும் உண்மைக் காரணம் சொல்வதில்லை. பிள்ளை மை கொட்டியது என்பான், கல்யாணமே ஆகியிருக்காது. அதனால் அன்று காலை என் சீட்டுப் பட்டறைக்குக் காரைக் கொண்டுவந்த டிரைவர், "கரித்துணி பட்டுடுச்சுங்க ஐயா" என்றபோதே புளுகு என்று எனக்குத் தெரியும்.

பின்சீட்டில் இடது பக்கம், தலை சாய்க்கிற இடத்தில், சந்தன நிறத் தோலின் மேல் காக்கை உட்கார்ந்து எழுந்தமாதிரி கருப்பாக ஒரு திட்டு. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஓரத்தைத் துடைத்து மோந்து பார்த்தேன்.

"இது தலைக்கு அடிக்கிற டை. யார் தலை?"

அவன் தரையைப் பார்த்தான். "என் வீட்டுக்காரி தலைங்க. முதலாளி ஊர்ல இல்லைன்னு ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"முதலாளி தலைன்னு சொல்லிடேன்."

"அவருக்கு ஒரு முடி கிடையாதுங்க."

சீட்டைக் கழற்றப் போன என் மச்சான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். என் மனைவியின் தம்பி. என்னோடு வேலை செய்கிறான், அல்லது அப்படிச் சொல்லிக்கொள்கிறான். அவன் தலையும் வழவழதான். அது அவனுக்கு மறந்துபோகும்.

"சாயங்காலம் அவரைக் கூட்டிவர ஏர்போர்ட் போகணும் ஐயா. இதைப் பார்த்தா இன்னைக்கோட என் வேலை போச்சு."

இதை மட்டும் நம்பினேன். சாவியை என் கையில் திணித்தான்.

கறையை எடுத்து, தோலைத் தேய்த்து, கலர் அடித்துக் காயவைத்தோம். எப்போதும் செய்வதுபோல மச்சான் சீட்டின் இடுக்கைப் பிரித்து, வெயில் படாத தோலைப் பார்த்துக் கலர் கலக்கியிருந்தான். முழு சீட்டுக்கும் அடித்தால் அதுதான் முறை. நாங்கள் அடித்ததோ ஒரு மூலைக்கு. நானும் கவனிக்கவில்லை. காரை வெளிச்சத்துக்குத் தள்ளியதும், கிழவன் வாயில் ஒரே ஒரு பல் புதுசாகக் கட்டியதுபோல் அந்த இடம் இளித்தது.

"வேலை ரொம்ப நல்லா வந்திருக்கு மாமா" என்றான் மச்சான்.

"வாயை மூடு."

டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு அழாத குறையாகச் சொன்னான்: "அவர் தலை பட்டுப் பட்டு இங்க வட்டமா எண்ணெய்க்கறை ஒண்ணு இருக்கும் ஐயா. அதையும் காணோம்."

டையோடு சேர்த்து முதலாளியின் தலையையும் துடைத்துவிட்டிருந்தோம். புதுசாக்கத்தான் என் கைக்குத் தெரியும். பழசாக்க எவன் சொல்லிக்கொடுத்தான்? கலரில் துளி பழுப்பும் துளி மஞ்சளும் விட்டு மறுபடி அடித்தேன். மற்ற தோலோடு ஒட்டிப்போனது. வட்டம்தான் பாக்கி.

"உன் முதலாளி என்ன உயரம்?"

"இவர் உயரந்தாங்க" என்று மச்சானைக் காட்டினான்.

"ஏறி உட்காருடா. சாய்."

"நான் என்ன அச்சுக்கட்டையா மாமா?"

"உன் மண்டைக்கு இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு வேலை வந்திருக்கு. பேசாம சாய்."

அவன் தலை பட்ட இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டேன். பழுப்பைப் பஞ்சில் தொட்டு, நடுவில் அழுத்தமாகவும் ஓரத்தில் மங்கலாகவும் ஒற்றினேன். டிரைவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் அழுக்கா ஐயா... வலது பக்கமா இழுங்க, தூங்கும்போது அப்படித்தான் சரிவார்" என்று உயிரை வாங்கினான். போதும் என்று அவனே சொன்ன பிறகுதான் காரை எடுக்க விட்டேன்.

மறுநாள் காலையில் அதே கார் வந்து நின்றது. பின்கதவு திறந்து ஒரு வழுக்கைத் தலை இறங்கியது. டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. மாட்டிக்கொண்டான், கூடவே எங்களையும் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று நினைத்தேன்.

முதலாளி வட்டத்தைக் காட்டினார். "என் தலை பட்டுப் பட்டு எப்படி ஆயிருக்கு பாருங்க பெரியவரே. நேத்து ஏறும்போதுதான் கவனிச்சேன், அசிங்கமா இருக்கு. எல்லா சீட்டையும் புதுசாக்கணும். டிரைவர்தான் உங்க இடத்தைச் சொன்னான்."

"சார், அது உங்க..." என்று மச்சான் வாயெடுத்தான். அவன் காலை மிதித்தேன்.

"பழகின சீட்டு இப்படித்தான் சார் ஆகும்" என்றேன்.

"கறை போயிடும் இல்ல?"

குனிந்து, விரலால் தேய்த்து, சந்தேகமாகத் தலையை ஆட்டினேன். "ரொம்ப நாள் கறை சார். கொஞ்சம் கஷ்டம்தான்."

டிரைவர் சட்டென்று திரும்பி, துடைக்கத் தேவையில்லாத முன்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.