முப்பத்தாறா முப்பத்தெட்டா

என் மகள் எழுத்து வரைகிறவள். எழுதுகிறவள் இல்லை, வரைகிறவள். கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வைத்து எழுத்தும் நம்பரும் உண்டாக்குவாள். பழைய பிரிண்டரில் கரகரவென்று பில் வருமே, அந்த மாதிரி. இப்போது அது திரும்ப ஃபேஷனாம். ஒரு காபிக் கடைப் பலகையிலும் யாரோ பாட்டுக்காரனின் சட்டையிலும் அவள் எழுத்து ஏறியிருக்கிறது. நல்லா இருந்த எழுத்துக்கு அம்மை போட்டுவிட்டாய் என்றேன். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

நான் லாரி ஓட்டினவன். படிப்பு கொஞ்சம்தான். யாரையும் சட்டென்று நம்ப மாட்டேன், அது ரோடு கொடுத்த புத்தி. சம்பள வேலையை உதறிவிட்டு அவள் இந்தப் புள்ளி வேலையில் இறங்கியபோதும் நான் நம்பவில்லை. பிறகு கண் ஆஸ்பத்திரி வேலை வந்தது. காத்திருக்கும் கூடத்தில் டோக்கன் நம்பர் காட்டும் விளக்குப் பலகை, அதற்கு அவள் எழுத்து. அது தேறினால் அவர்களுடைய எல்லாக் கிளைகளிலும் அதுதான். தேறாவிட்டால் பழைய ஆபீஸ் வாசலில் போய் நிற்க வேண்டும்.

சோதனைக்கு என்னைத்தான் வீட்டில் உட்கார வைத்தாள். எனக்குக் கண்ணில் புரை. ஹாலின் அந்தக் கோடியில் அவள் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் இந்தக் கோடியில். என் நாற்காலிக்குப் பின்னால் என் வீட்டுக்காரி வெங்காயம் உரித்துக்கொண்டே நம்பரை முணுமுணுப்பாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். ஒன்று விடாமல் சொன்னேன். மகளுக்கு முகமெல்லாம் பல்.

பலகை மாட்டிய அன்று காலை நானும் அங்கே டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன், பின்வரிசையில் வீட்டுக்காரி. கூடம் நிறைய ஆட்கள், எல்லார் கண்ணிலும் சொட்டு மருந்து. பலகைக்குக் கீழே மகளும் மேனேஜர் அம்மாவும். டிங் என்றது. நம்பர் மாறியது. ரெண்டு பேர் எழுந்தார்கள்.

"முப்பத்தாறு, நான்தான்," என்றார் ஒருவர். ரொட்டிக்கடை வைத்திருப்பவர்.

"கண்ணாடியத் துடைச்சிட்டுப் பாருங்க. முப்பத்தெட்டு போட்டிருக்கு," என்றாள் பக்கத்தில் இருந்த தையல்காரம்மா.

"கண்ணு ஒழுங்கா இருந்தா நான் ஏம்மா இங்க வந்து உட்கார்றேன்?"

மேனேஜர் அம்மா உதட்டைப் பிதுக்கினாள். "இது சரிப்படாதும்மா. கழட்டிடலாம். பழையபடி நர்ஸே வாயால கூப்பிடட்டும்."

"எங்கப்பாவுக்கும் புரைதான் மேடம். அவரே வீட்டுல படிச்சார்," என்ற மகள் என் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்கப்பா, என்ன போட்டிருக்கு?"

கூடமே என்னைப் பார்த்தது. பின்னால் வீட்டுக்காரி தொண்டையைச் செருமினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"மூணு தெரியுது. அடுத்தது பூசணிக்கா."

"வீட்டுல படிச்சீங்களேப்பா?"

"படிச்சது உங்கம்மா. நான் திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான்."

ரொட்டிக்கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "உன் மனசு உடைஞ்சிடக் கூடாதுன்னுதான்டி," என்றாள் வீட்டுக்காரி, வெங்காயம் இல்லாமலே கண் கலங்கி.

மகள் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"பூசணிக்கான்னா? எப்படித் தெரியுது, சொல்லுங்க."

"எதிர்ல வர்றவன் ஹெட்லைட்டத் தாழ்த்தாம வந்தா ரெண்டு விளக்கும் ஒண்ணாத் தெரியுமே, அப்படி. ஓட்டை இருக்க வேண்டிய இடமெல்லாம் வெளிச்சம் பொங்கிக் கிடக்கு."

அவள் பலகையை அண்ணாந்து பார்த்தாள். "டேப்லெட்ல வெள்ளை மேல கறுப்புப் புள்ளி," என்றாள் மெதுவாக. "இங்க புள்ளியே விளக்கு. நான் வேற அழகுக்காக ரெண்டு ரெண்டு புள்ளியா தடிமனா இழுத்திருக்கேன்."

மேனேஜர் அம்மாவிடம் மத்தியானம் வரைக்கும் அவகாசம் கேட்டாள். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டு வந்து பார்ப்பேன். அப்பவும் சண்டைன்னா கழட்டிடுவேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் தரையிலேயே உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டாள். ஒற்றைப் புள்ளிக் கோடாக்கினாள். பலகையில் மாற்றிக் காட்டினாள். கண் மங்கின கூட்டம் முழுக்க யோசனை சொல்ல ஆரம்பித்தது.

"எட்டுக்கு இடுப்ப நல்லாப் பிடிம்மா, தொளதொளன்னு இருக்கு," என்றாள் தையல்காரம்மா.

"சூட்டக் குறை, கருகுது," என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

வெளிச்சத்தைக் குறைத்தாள். எட்டின் இடுப்பில் ஓரப் புள்ளிகளைப் பிடுங்கினாள். ஆறின் தலையை மூடாமல் திறந்துவிட்டாள். அவள் புள்ளி சேர்த்துத்தான் நான் பார்த்திருக்கிறேன், எடுத்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எடுக்க எடுக்க நம்பர் துலங்கியது.

மேனேஜர் அம்மா வந்ததும் நானே எழுந்தேன். "நம்பர நீங்க போடுங்க. என் டோக்கன் நம்பரப் போடாதீங்க, அது எனக்கு மனப்பாடம். என் பொண்ணு கைய வைக்கக் கூடாது." பின்னால் திரும்பி வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் ரெண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

டிங்.

"எண்பத்தாறு," என்றேன்.

மறுபடி டிங். "அறுபத்தெட்டு."

"ஆமா, அறுபத்தெட்டுதான்," என்றார்கள் தையல்காரம்மாவும் ரொட்டிக்கடைக்காரரும், அன்றைக்கு முதல் தடவையாக ஒன்றுபோல.

"இந்த வாரம் மாட்டியிருக்கட்டும். தகராறு இல்லன்னா மத்த கிளைக்கு நானே பேசறேன்," என்றாள் மேனேஜர் அம்மா. மகள் லேப்டாப்பை மூட மறந்து நின்றாள்.

விரல் இடுக்கு வழியாக வீட்டுக்காரி கேட்டாள், "கைய எடுக்கலாமாங்க?"

"இரு, இன்னும் ஒண்ணு பார்த்துடறேன்," என்றேன்.