அண்ணன் சொன்ன தலைநகரம்

…இல்லை, இந்தப் பாலமாக இருக்காது, அண்ணன் சொன்ன பாலத்தில் இரண்டு பக்கமும் கல்குதிரைகள் நிற்கும், மழை பெய்தால் அவற்றின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டும், இதில் வெறும் இரும்புக் கம்பிதான், அடுத்ததாக இருக்கும், படகு இப்போதுதானே தலைநகருக்குள் நுழைகிறது, அதற்குள் என்ன அவசரம்… பக்கத்தில் அண்ணி ஆரஞ்சை உரித்துத் தோலை மடியில் சேர்த்துக்கொண்டிருந்தாள். சில நாட்களாக ஆற்றிலேயே வருகிறோம், இன்று ஒரு பகல் மட்டும் இந்த ஊர், மாலையில் படகு கிளம்பிவிடும். கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் மூன்று வருஷம் இங்கேதான் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். அவன் செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் அண்ணி என்று நான்தான் நச்சரித்தேன், அவளுக்கு இஷ்டமே இல்லை, என் வாய்க்குப் பயந்து வந்தவள் மாதிரி வந்தாள். இப்போது அவள்பாட்டுக்குச் சுளையைத் தின்கிறாள், கரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன மனுஷி இவள், புருஷன் நடந்த ஊர் என்று ஒரு துடிப்பு வேண்டாமா?

அடுத்த பாலத்திலும் குதிரை இல்லை. இடித்துக் கட்டியிருப்பார்கள், எத்தனை வருஷம் ஆகிவிட்டது… படித்துறையில் இறங்கிக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்தோம், அரண்மனை, காவல் மாறும் முற்றம், அண்ணிக்குச் செருப்பு கடித்தது, நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை, எனக்குக் குவிமாட மண்டபம் வந்தால் போதும். எக்ஸ்ரே எடுக்கப் படிக்கப் போய் ஹாஸ்டலில் கிடந்தேனே, அந்த வருஷங்களில் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவான், வார்டன் அறையில் நின்றுகொண்டு, படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று நான் அழுவேன், அவன் சமாதானமே சொல்லமாட்டான், “இன்னைக்கு எங்க போனேன் தெரியுமா?” என்று ஆரம்பிப்பான். குவிமாடத்துக்குள்ளே ராத்திரி வானம் வரைந்திருக்கிறார்களாம், கருநீலம், பொன்னில் நட்சத்திரம், காவல்காரர் தும்மினால் அந்தத் தும்மல் மேலே போய்ச் சுற்றிச் சுற்றி வந்து அவர் தலையிலேயே விழுமாம். நான் அழுகையை மறந்து சிரிப்பேன், வார்டன் முறைப்பார். இன்றைக்கும் எக்ஸ்ரே அறையின் மங்கல் வெளிச்சத்தில் யாரையாவது மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நிற்கும்போது சில நேரம் அந்த நீலம் கண்ணுக்குள் வரும், பார்க்காத நீலம்… மண்டபத்துக்குள் நுழைந்து அண்ணாந்தேன். வெள்ளை. சுண்ணாம்பு அடித்த வெறும் வெள்ளை, ஓரத்தில் ஈரம் ஊறிய கறை. வழிகாட்டிப் பெண்ணிடம், “முன்னாடி இங்க வானம் மாதிரி ஏதாவது வரைஞ்சிருந்தாங்களா?” என்று கேட்டேன். “இல்லம்மா, கட்டின நாள்லருந்து இப்படித்தான்.”

அண்ணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாரு சொன்னா உனக்கு? அவரா?” என்றாள். தலையாட்டினேன். “அவர் எங்கம்மா இதையெல்லாம் பார்த்தாரு? மூணு வருஷமும் லிஃப்ட் குழிக்குள்ளதான் கிடந்தாரு. லீவு அன்னைக்குத் துணி துவைக்கிறதும் தூங்குறதும்தானாம். ஒருதடவை குழியில இருக்கிறப்பவே மேலருந்து லிஃப்ட் கூண்டு இறங்கிடுச்சாம், தரையோட ஒட்டிப் படுத்துத் தப்பிச்சாராம். கடைசிவரைக்கும் தூக்கத்துல கையை உதறுவாரு, நான்தான் பிடிச்சுக்குவேன்.” சாதாரணமாகச் சொன்னாள், குனிந்து செருப்பு வாரைத் தளர்த்திக்கொண்டே. நான் மறுபடியும் அந்த வெள்ளையை அண்ணாந்து பார்த்தேன். பொய் சொன்னான் என்றா வலித்தது? இல்லை, அது இல்லை… அந்தக் குழியிலிருந்து ஏறிவந்து, கிரீஸ் கையைத் துடைத்துவிட்டு எனக்கு நட்சத்திரம் சொன்னவன், ஒரே ஒரு நாள், குட்டி, இன்னைக்குப் பயமா இருந்துச்சு என்று சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன், நானும் சேர்ந்து அழுதிருப்பேன், அவ்வளவுதான், ஆனாலும்… அந்த உதறுகிற கையை நான் பார்த்ததே இல்லை. அண்ணியைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, இந்த வயதில், செத்துப்போன ஒருவனின் பயத்துக்காக.

படகு கிளம்பியபோது வெயில் தணிந்திருந்தது. மேல்தளத்தில் உட்கார்ந்தோம். நகரம் மெல்லப் பின்னால் போயிற்று, மாடி மாடியாகக் கட்டடங்கள், எந்தெந்தக் கட்டடத்தின் அடியில் அவன் இருந்தானோ. “இந்த ஊரைப் பத்தி என்கிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொன்னதில்ல,” என்றாள் அண்ணி, “அதான் வரவே பிடிக்கல. உன்கிட்ட என்னதான் சொன்னாரு?” முதலில் தயங்கினேன். பிறகு சொன்னேன், குதிரைகளை, தும்மலை, படித்துறையில் கடை வைக்க இடமில்லாமல் தோணியில் மெஷினைப் போட்டுத் தைக்கும் தையல்காரரை, அலை வந்தால் தையல் கோணிப்போகுமாம், அந்த ஊர்க்காரர்கள் சட்டையெல்லாம் அதனால்தான் கோணலாம். அண்ணி சிரித்தாள், அவன் போனபிறகு அவள் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. “அப்புறம்?” என்றாள், என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து. அப்புறம்… தையல்காரர் அண்ணன் சொன்னவர்தானா? இல்லையே, அப்படி ஒருவரை அவன் சொன்னதாக நினைவே இல்லையே… அடுத்து என்ன சொல்வதென்று யோசித்து ஒரு கணம் நிறுத்தினேன். அண்ணனும் போனில் அடிக்கடி இப்படித்தான் நிறுத்துவான், லைன் சரியில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.