கல்லின் மேல் கை

பிரேம்குமாரின் வலது மணிக்கட்டு நசுங்கி நாற்பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. சந்தையில் வாங்கிவந்த அன்றே, கொம்புக்கும் கட்டுத்தறிக்கும் நடுவே வைத்து நசுக்கிவிட்டது மாடு. கையோடு போச்சம்பள்ளிக் கம்பெனியில் பார்த்த மிஷின் வேலையும் போயிற்று.

விற்ற ராஜப்பனிடம் மாதேஸ்வரி போய் நின்றாள். அவன் பல் குத்திக்கொண்டே சொன்னான்: "முட்டுமான்னு உம் புருசன் கேட்டானா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கல்லு மேல கை வெச்சு நான் பொய் சொன்னதில்ல."

சந்தை நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு கல். பேரம் படிந்ததும் விற்பவன் அதன்மேல் கை வைப்பான். கேட்டதற்கு உண்மை சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்ல வேண்டியதில்லை. மறுத்தவன் அங்கே இனி மாடு விற்கக் கயிறு பிடிக்க முடியாது. மிஷின் ஓட்டுகிற பிரேம்குமாருக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

மாதேஸ்வரி மாட்டை விற்கவில்லை.

"இதுக்குத் தீவனம் வேறயா அண்ணி?" என்றான் கொழுந்தன் நவீன்குமார்.

"சாட்சியப் பட்டினி போடுவாங்களா?"

ஐந்து ஞாயிறு கல்லருகே நின்றாள். ராஜப்பனிடம் மாடு பிடிக்க வந்தவர்களிடமெல்லாம், "முட்டுமா, ஒதைக்குமா, எதுக்கு விக்கறன்னு கேளுங்கண்ணா" என்றாள். கேட்டார்கள். ஐந்தாம் வாரம் அவன் மாடுகள் வந்த வண்டியிலேயே திரும்பின.

"பைக்குல உளுந்து எந் தம்பி செத்து நாலு மாசம் ஆவுல. எம் பொழப்புலயும் மண்ணப் போடறயே?" என்றான் ராஜப்பன்.

"எங்க வூட்ல நீ போட்டதுல மிச்சம்தான்ண்ணா இது."

இன்று இருபக்கமும் கயிறு கட்டி, அவளும் நவீன்குமாருமாக மாட்டை இழுத்துவந்து கல்லில் கட்டினார்கள். கூட்டம் சேர்ந்தது.

"வித்த மாட்டுக்கு இப்ப என்ன கேள்வி?" என்றான் ராஜப்பன்.

"அன்னிக்குக் கேக்காம வுட்ட கேள்வி."

"வெய்யி ராஜப்பா, கல்லு அதுக்குத்தான" என்றார் தரகர் வெங்கடப்பன்.

வைத்தான். மாடு தலையைத் தாழ்த்தி மூச்சு விட்டது. அவன் கால் தானாக ஓரடி பின்னால் போனதை மாதேஸ்வரி பார்த்தாள். கை கல்லிலேயே இருந்தது.

"முட்டுமான்னு கேக்கல. அது ஊருக்கே தெரியும். நல்லாக் கறக்கற மாட்ட எதுக்கு வித்த?"

அவன் மாட்டைப் பார்க்கவில்லை. கூட்டத்தையும் பார்க்கவில்லை.

"எந் தம்பி பைக்குல உளுவல," என்றான். "இதுதான் கொன்னுச்சு."