நின்று சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தட்டு

கணக்குப் பிரிவு மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் தன்னைக் கவனிக்கவில்லை என்று உறுதியானதும் மெல்லக் குனிந்து, ஆடு தழையைக் கடிப்பதுபோலத் தட்டில் இருந்த கட்லெட்டை வாயாலேயே கவ்வினார். இடது கையில் தட்டு, வலது கையில் பழரசக் குவளை. வேறு என்னதான் செய்வார் மனிதர்? வேலையை விட்டுப் போகும் ஒருவருக்காகத் தொழிற்சாலை மாடியில் நடந்த விருந்து அது. இருந்த ஒரே மேசையையும் பண்டங்கள் பிடித்துக்கொண்டதால் மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜன்னலோரம் நின்றிருந்த அளவுக்காரிக்குச் சிரிப்பில் பழரசம் மூக்கில் ஏறிவிட்டது. இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான், அந்த அறையில் இருந்த எல்லாருமே ஏதோ ஒரு வித்தை காட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒருத்தி குவளையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். ஒருவர் குவளையைத் தட்டின் நடுவில் வைத்து, கோவில் தீபத்தட்டைத் தூக்கிப் போகிறவர்போல அடிமேல் அடிவைத்து நடந்தார். இரண்டு பேர் கைகுலுக்க முயன்று, முடியாமல், முழங்கைகளை இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. பதினைந்து வருடமாகத் தட்டும் கோப்பையும் வடிவமைக்கிறாள். அத்தனையும் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு. நிற்கிறவனைப் பற்றி ஒரு நாளும் நினைத்ததில்லையே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

அளவுக்காரி என்பது தொழிற்சாலை வைத்த பெயர். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால், ஊர் பேர் கேட்பதற்கு முன்னால் உள்ளங்கையை நீட்டச் சொல்லி அளந்துவிடுவாள். கை ஜோசியம் என்று நினைத்து ஆவலோடு நீட்டி ஏமாந்தவர்கள் உண்டு.

மறுநாள் காலையில் முதலாளி அறையில் போய் நின்றாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒரு கைக்குத் தட்டு, ஒரு கைக்கு கிளாஸ். சாப்பிடறதுக்கு மூணாவது கை கடவுள் குடுக்கலையேம்மா. நாம என்ன பண்ண முடியும்?"

"இருக்கற ரெண்டுல ஒண்ணை நான் விடுவிச்சுத் தர்றேன் சார்."

"கடையில இப்பவே கிடைக்குதே. ஓரத்துல கிளாஸுக்கு ஒரு வெட்டு வெட்டினா தீர்ந்தது."

"அதை வாங்கினவங்க ரெண்டாவது தடவை வாங்கறதில்ல. ஏன்னு கண்டுபிடிக்கறேன்."

முதலாளிக்கு அவளிடம் ஒரு பயம் உண்டு. அவள் 'கண்டுபிடிக்கறேன்' என்று சொல்லிவிட்டால் பிறகு கட்டிப் போட்டாலும் நிற்கமாட்டாள். "சரி, பண்ணு. ஆனா விருந்து ஏற்பாடு பண்ற அந்தம்மா ஒத்துக்கிட்டாதான் அச்சு செய்யவே விடுவேன். ஊர்ல பாதி விருந்து அவங்க கையில இருக்கு" என்றார்.

அளவுக்காரியின் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கற்றுக்குட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதே தொழில் என்பதால், எதற்கும் பதறாத நிதானம் அவனுக்கு வாய்த்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைச் சமையலறை நடுவில் நிற்கவைத்தாள். கையில் அட்டையில் வெட்டிய தட்டு, ஓரத்து வெட்டில் தண்ணீர் நிறைந்த குவளை, தட்டில் ரொட்டித் துண்டும் நறுக்கிய பழமும்.

"நடங்க. சிரிங்க. யாரையோ பார்த்துத் திரும்புங்க."

"யாரைப் பார்த்து?"

"உங்களுக்குப் பிடிச்ச யாரையாவது."

"வீட்டுக்குள்ளயே கண்ணி வைக்கறியே" என்று அவன் திரும்பினான். தட்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. "பிரேக்! பிரேக்!" என்று அவன் வாய் தன்னால் கத்தியது. பிரேக் பிடிக்கவில்லை. அன்று சமையலறைத் தரையை அவனே துடைத்தான். அடுத்த வாரமும் அவனே. "உன்னைக் கட்டிக்கிட்டதுல தரை சுத்தமாச்சு, வேற சொல்லிக்க ஒண்ணுமில்ல" என்றான்.

விடை வீட்டிலும் கிடைக்கவில்லை, தொழிற்சாலையிலும் கிடைக்கவில்லை. பஸ்ஸில் கிடைத்தது. ஒருவர் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஏறினார். அதே மனிதர் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தபோது கையை நன்றாக நீட்டி, முகத்துக்கு எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். கனமானதைக் கிட்டத்தில், இலேசானதை எட்டத்தில். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள். கடைத் தட்டு மட்டும் தலைகீழ். குவளைதானே கனம்? அதைக் கொண்டுபோய் வெளி ஓரத்தில் தொங்கவிட்டால் மணிக்கட்டு கெஞ்சாதா? குவளை கட்டைவிரல் மேட்டுக்கு நேர் மேலே, உடம்பை ஒட்டி உட்கார வேண்டும். தின்பண்டம் அதற்கு அப்பால். இறங்க வேண்டிய நிறுத்தம் கடந்துபோனது. அவள் இறங்காமல் தன் இடது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. களிமண்ணில் செய்து பார்த்தாள், நுரைக்கட்டையில் செதுக்கினாள். குவளைக்கு உடம்பை ஒட்டிய பக்கத்தில் ஒரு குழியும், தட்டின் அடியில் இரண்டு விரல் நுழையும் வளையமும் வைத்தாள். அச்சுக்காரர் தட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "வளையம் வச்சா அச்சு தட்டை விடாது. பிள்ளை உண்டாகும், வெளிய வராது" என்றார். மதியம் முழுக்க இருவரும் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் வளையத்தின் ஒரு பக்கத்தை அவளே அறுத்து எறிந்துவிட்டுக் கொக்கியாக்கினாள். விரல்களுக்கு அதுவே போதும் என்று பட்டது. வேண்டாததை அறுக்கும்போது அவளுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். அச்சுக்காரரும் கொக்கியின் முனையை இன்னும் கொஞ்சம் மழுக்கினால் நல்லது என்று சொல்லிச் சமாதானமானார்.

மாதிரித் தட்டுகள் வந்த வாரத்தில்தான் நாத்தனார் தொலைபேசியில் கூப்பிட்டாள். கணவனுடைய தங்கை. திரைச்சீலைத் துணிக் கடை ஒன்றைத் திறக்கிறாள். "அண்ணி, கடை ரயில்பெட்டி மாதிரி இருக்கு. நாற்காலி போட்டா ஆள் நிக்க முடியாது, ஆள் நின்னா நாற்காலி போட முடியாது. எல்லாரையும் நிக்கவச்சே சோறு போட்டா தப்பா நினைப்பாங்களா?"

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "ஒருத்தரும் உட்காரக் கூடாது, தட்டு நான் கொண்டுவர்றேன்" என்றாள் அளவுக்காரி.

திறப்பு நாளில் முதலாளி வந்தார். விருந்து ஏற்பாட்டாளரையும் அழைத்து வந்திருந்தார். வெள்ளிக்கம்பி முடி, வேகமான நடை, எதையும் ஒருமுறைதான் பார்க்கிற கண். அந்தம்மாள் தட்டை வாங்கினாள், குவளையைக் குழியில் வைத்தாள், கொக்கியில் விரலை மாட்டினாள். எந்த அறிவிப்பும் இல்லாமல் கடையின் நீளத்துக்குப் பின்னோக்கி நடந்தாள். பாதி வழியில் சட்டென்று நின்று திரும்பினாள். குவளையில் இருந்தது ஆடி அடங்கியது, ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. முதலாளி அப்போதுதான் மூச்சு விட்டார்.

கூட்டம் சேர்ந்தது. துணிச் சுருள்களுக்கு நடுவில் ஜனங்கள் தோளோடு தோள் நின்று சாப்பிட்டார்கள். ஒருத்தி ஒரு கையில் தட்டோடு நின்று, காலைக் கட்டிக்கொண்டிருந்த குழந்தைக்கும் ஊட்டித் தானும் சாப்பிட்டாள். இரண்டு கிழவர்கள் தட்டு கையில் இருக்கும்போதே கைகுலுக்கி, குலுக்கிய பிறகுதான் அதை உணர்ந்து, இன்னொரு முறை குலுக்கிக்கொண்டார்கள். அளவுக்காரி ஒரு மூலையில் நின்று பார்த்தாள். கர்வமாகத்தான் இருந்தது. அந்தக் கர்வத்தை அவள் மறைக்கவும் இல்லை.

ஏற்பாட்டாளர் அருகில் வந்தாள். "நல்லா வந்திருக்கு. முதல் தொகுதி எனக்குத்தான், வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா?"

"சொல்லுங்க."

"முப்பது வருஷமா விருந்து நடத்தறேன். கை ரெண்டும் நிறைஞ்சிருக்கறது சில பேருக்கு சவுகரியம். வேண்டாத ஆள் வந்தா தட்டைக் காட்டிச் சிரிச்சுட்டு நகர்ந்துடலாம். நீங்க அந்த வேலியைப் பிடுங்கிட்டீங்க." அந்தம்மாள் கண்ணாலேயே கடையைச் சுட்டினாள். "பாருங்க, பாதிப் பேருக்கு அந்த இன்னொரு கையை எங்க வைக்கறதுன்னு தெரியல."

உண்மைதான். ஒருவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். ஒரு பெண் வராத அழைப்புக்குக் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அளவுக்காரி பதில் யோசிக்கும்போதே வாசலில் ஒரு சலசலப்பு. நாத்தனார் ஓடிப் போய், "வாங்கண்ணே, வாங்க" என்றாள்.

வந்தது பெரியவர். கணவனின் அண்ணன்.

மாமியார் கடைசியாகப் படுத்திருந்தபோது, அறுவை சிகிச்சை செய்தே தீரவேண்டும் என்றார் பெரியவர். இந்த வயதில் கத்தி வைக்கவேண்டாம், இருக்கிறவரை வீட்டில் இருக்கட்டும் என்றான் தம்பி. பெரியவர் பேச்சுத்தான் எடுபட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா கண் விழிக்கவில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில், அழுதுகொண்டிருந்த அண்ணனைப் பார்த்து, "நீதான் கொன்னே" என்று சொல்லிவிட்டான் தம்பி. எதற்கும் பதறாதவன், அந்த ஒரு முறை பதறினான். சிந்தின பாலை அள்ளினாலும் அள்ளலாம், சொன்ன சொல்லை அள்ள முடியுமா? அதன் பிறகு குடும்ப விசேஷங்களுக்கு இருவரும் வருவார்கள். தட்டும் குவளையுமாகத் தலையசைத்துக்கொள்வார்கள். போய்விடுவார்கள். 'கை நிறைய இருந்தது, அதனால்தான்' என்று இருவருக்கும் ஒரு சாக்கு இருந்தது என்பது அளவுக்காரிக்கு இந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

யாரோ பெரியவர் கையில் கட்லெட்டும் குவளையுமாகத் தட்டைக் கொடுத்தார்கள்; அவரும் ஒரு வாய் விண்டு போட்டுக்கொண்டார். கடையோ ரயில்பெட்டி. கூட்டம் தள்ளிக்கொண்டு போய் அவரைத் தம்பிக்கு எதிரிலேயே நிறுத்திவிட்டது. இருவருடைய இடது கையிலும் தட்டு. இருவருடைய வலது கையும் சும்மா தொங்கியது. பெரியவர் அதைக் கவனித்தார்போல, சட்டென்று குழியிலிருந்த குவளையை எடுத்துப் பிடித்துக்கொண்டார். தம்பியும் எடுத்தான். யாரும் குடிக்கவில்லை.

தூரத்திலிருந்து முதலாளி பதறினார். "என்னம்மா, ரெண்டு பேர் கிளாஸை வெளிய எடுத்துட்டாங்க? குழி சரியில்லையா? இன்னும் ஆழமாக்கலாமா?"

"குழி சரியாத்தான் சார் இருக்கு."

"பின்ன?"

அவள் ஒரு கணம் தயங்கினாள். சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுப்பானேன், பேசாமல் நின்றால் இதுவும் மற்ற விருந்துகளைப்போல் கடந்துவிடும் என்று தோன்றியது. அப்படிக் கடந்தவை போதும் என்றும் தோன்றியது. கழுத்து நாடாவைச் சரிசெய்துகொண்டு, தொழிற்சாலையில் நடக்கிற அதே நடையில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பெரியவரிடம் போனாள்.

"அத்தான், குடிக்காதப்ப கிளாஸ் குழியிலதான் இருக்கணும். இங்க சோதனை நடக்குது. எங்க முதலாளி பார்த்துட்டிருக்கார், என் மானத்தை வாங்கிடாதீங்க."

பெரியவர் அவளைப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை. "உன் வேலைன்னு சொல்லிட்டே, அப்புறம் என்னம்மா" என்று குவளையைக் குழிக்குள் இறக்கினார்.

"உங்களுக்குத் தனியா சொல்லணுமா?" என்றாள் கணவனிடம். அவனும் இறக்கினான். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் தன் குரல் இறங்கிவிடும் என்று தெரியும். இரண்டடி தள்ளிப் போய், காலித் தட்டுகளை அடுக்குவதுபோல நின்றுகொண்டாள்.

அடுக்கிய தட்டுகளையே கலைத்து இன்னொரு முறை அடுக்கினாள். இனி திரும்பாமல் இருக்க முடியாது என்று ஆனபோது திரும்பினாள்.

பெரியவரின் வலது கை தொடையைத் தடவியது, கழுத்துப்பட்டையைத் தொட்டது. பிறகு தம்பியின் தோளுக்குப் பக்கமாக நீண்டது. தோளைத் தொடவில்லை. தோளுக்குப் பின்னால் கூரையிலிருந்து தொங்கிய கருநீலத் திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நிமிண்டியது.

"நல்ல துணி" என்றார், யாரிடமும் இல்லாமல்.

தம்பி துணியைத் திரும்பிப் பார்த்தான். அவனுடைய கையும் எழுந்து, அண்ணன் பிடித்திருந்த இடத்துக்குச் சற்றுக் கீழே அதைப் பிடித்தது.

"கனமா இருக்கு" என்றான்.

"ம். வெயில் உள்ள வராது."

இருவர் விரல்களிலும் கட்லெட்டின் எண்ணெய் பளபளத்தது. புத்தம் புதுத் துணி. கல்லாவிலிருந்து அதைப் பார்த்துவிட்ட நாத்தனார் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். பிடித்திருப்பது யார் யார் என்று தெரிந்ததும் திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். வாசல் வழியாகக் காற்று வந்து திரைச்சீலையை ஒருமுறை உப்ப வைத்தது. அது நழுவிவிடாமல் இரண்டு கைகளும் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தன.