தலைப்பில்லாத நோட்டு

நாற்பது நாள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றோம். வீட்டுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு மரம். மலைச்சரிவை வெட்ட மரக் கம்பெனி ரம்பத்தோடு அனுப்பிய கூலியாட்கள் மேல் எங்களில் ஒருத்தர்கூடக் கை ஓங்கவில்லை. அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தோம்.

யாரும் டிமிக்கி கொடுக்கக் கூடாது என்று கையெழுத்து நோட்டு போட்டது நான்தான். தையல்காரி, தினமும் அளவு எழுதும் கை. முதல் பக்கத்தில் 'போராட்டம்' என்று தலைப்பு எழுதப் போனபோது என் வீட்டுக்காரர் தடுத்தார்.

"அப்படி எழுதினா நம்ம மேலயே கேஸ் போடுவாங்க. சும்மா விடு."

மேலே நாலு வரி காலியாக விட்டேன். கையெழுத்து வாங்குவதில் மட்டும் நான் ராட்சசி. காய்ச்சலோடு வந்து நின்ற நாத்தனார் நோட்டைத் தொடாமல் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பின்னாலேயே போய், படுக்கையில் வைத்துக் கைநாட்டு வாங்கினேன்.

சிக்காதவன் சைக்கிள் கடைக்காரன் ஒருத்தன்தான். எப்போது கூப்பிட்டாலும் "நாளைக்கு வரேன்க்கா" என்பான். ஊரே அவனை 'நாளைக்கு' என்றுதான் கூப்பிடும். நடுத்தெருவில் நிறுத்தி, "நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல் கேட்டிருக்கிறேன்.

நாற்பதாம் நாள் வன அதிகாரி வந்தார். எங்களோடு தரையிலேயே உட்கார்ந்தார்.

"நீங்க கலாட்டா பண்ணீங்கன்னு கம்பெனிக்காரங்க புகார் குடுத்திருக்காங்க. அமைதியா இருந்தீங்கன்னு காட்ட ஏதாவது இருக்காம்மா?"

பெருமை தாங்காமல் நானே நோட்டை எடுத்து நீட்டினேன். கையோடு வாங்கிக்கொண்டு போனார்.

மறுவாரம் போலீஸோடு லாரிகள் வந்தன. அதிகாரி முதல் பக்கத்தின் நகலைக் காட்டினார். நான் விட்ட காலி வரிகளில், 'மரங்களை வெட்ட எங்களுக்கு முழுச் சம்மதம்' என்று இருந்தது. கீழே மொத்த ஊரும், நாத்தனாரின் கைநாட்டு உட்பட.

"இது என் எழுத்து இல்ல சார்."

"கையெழுத்து உங்களோடதுதானே?"

கிழக்குச் சரிவு இரண்டே நாளில் மொட்டையானது. அந்த ரம்பச் சத்தத்தில் என் தையல் மிஷின் ஓடுவதே எனக்குக் கேட்கவில்லை. அழக்கூடத் தோன்றவில்லை, என் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் காலை 'நாளைக்கு' ஒரு நோட்டீஸோடு என் தையல் கடைக்கு வந்தான்.

"என்னமோ வந்திருக்கு, படிங்கக்கா."

படித்தேன். மேற்குச் சரிவை வெட்டும் முன் விசாரணையாம். சம்மதக் கையெழுத்துப் போடாதவர் மட்டும் வந்து ஆட்சேபம் சொல்லலாம். அப்படி ஊரில் இருந்தது அவன் ஒருத்தன்தான்.

"தம்பி, இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு. இப்பவே பஸ் ஏறு. நீ போகலன்னா மிச்சத்தையும் வெட்டிடுவாங்க. உன் கால்ல வேணா விழறேன்."

தலையைச் சொறிந்தான்.

"கடையில ரெண்டு டயர் கழட்டிப் போட்டது அப்படியே கிடக்கு. நாளைக்குப் போறேனே."

சொல்லிவிட்டு நடந்தான். அவனை எந்த வாயால் திட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.