மூக்குப்பேணியில் ஊறிய சவர்க்காரம்

கனகசிங்கத்தின் தாடி பாலையூற்று ஊர் முழுவதற்கும் ஒரு கதையாகிவிட்டிருந்தது. துறைமுகத்தில் லோஞ்ச் என்கிற இயந்திரப் படகை ஓட்டித் திரிந்த காலத்தில் மழித்த முகமும் மடித்துவிட்ட சட்டைக்கையுமாய் நடமாடிய மனிதர் அவர். சித்திரையில் யப்பான்காரன் வந்து குண்டு போட்டபோது இறங்குதுறையில் நின்றவர்களில் அவரும் ஒருவர். உயிர் தப்பியது பெரிய காரியம். இடது கையில் நாலு விரல்களும் போய்ப் பெருவிரல் மட்டும் மிஞ்சியது.

புண் ஆறிவிட்டது. மனம் ஆறவில்லை. யாராவது படலையைத் திறந்தால் போதும், தோளில் கிடக்கும் சால்வை தானாக இறங்கி இடது கையை மூடிக்கொள்ளும். முகம் மழித்துவிட வழக்கமாக வருகிற ஆள் குண்டுக்குப் பயந்து மட்டக்களப்புப் பக்கம் போனவர், போனவர்தான். நான் வழித்துவிடுகிறேன் என்று மனைவி ராசமலர் ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். அதற்கு அவர் சொன்ன பதிலில் அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஆனி மாதக் கச்சான் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்த ஒரு நாள், கிண்ணியாவிலிருந்து ஸெய்னுதீன் வந்தார். அதே லோஞ்சில் இயந்திரம் பார்ப்பவர்; வயதில் மூத்தவர் என்பதால் கனகசிங்கத்துக்கு அவர் 'காக்கா'. கப்பல்காரன் ஒருவன் கொடுத்தானென்று, கடதாசியில் சுற்றிய வட்டச் சவர்க்காரக் கட்டி ஒன்றை மேசையில் வைத்தார். முகம் மழிப்பதற்கென்றே செய்த சவர்க்காரம். வாசம் குசினி அடுப்படி வரைக்கும் போனது.

"தம்பி, துறைமுகத் தொர கேட்டு விட்டிருக்கார். வாற கிழமை நீங்க வராட்டி லோஞ்ச வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்களாம்" என்றார் ஸெய்னுதீன்.

"கையைப் பற்றிக் கேட்டவரோ?"

"கையக் கேக்கல்ல. வருவாரா எண்டுதான் கேட்டார்."

கனகசிங்கம் சவர்க்காரக் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "காக்கா, ஒரு சவுக்காரச் சிரட்டையைப் பிடிக்க ஏலாத கை கப்பல் கயிறைப் பிடிக்குமோ? நானே நுரை கிளப்பி, நானே முகம் வழிச்சால் வாறன். ஏலாட்டில் அந்த லோஞ்சை ஆரும் ஓட்டட்டும்."

"சவுக்காரத்த நேரா மொகத்தில தேச்சாப் போச்சி. இதுக்கா இவ்வளவு கதை?"

"இதென்ன, சாரம், சேலை தோய்க்கிற வேலையோ?"

பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். இத்தனைக்கும் அவர் சொன்னதில் நியாயமும் இருந்தது. லோஞ்சைக் கப்பலோடு அணைக்கும்போது வலது கை சுக்கானை விடக்கூடாது. மேலிருந்து விழுகிற கயிற்றை இடது கைதான் வாங்கிப் பிடிக்கவேண்டும். அந்தக் கைக்கு ஒரு சிறு பாத்திரமே பெரும்பாடு என்றால் மற்றதைப் பேசிப் பயனில்லை. ராசமலர் இந்தக் கதையை எல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். சவர்க்காரத்தை எடுத்து மணந்து பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனாள்.

மறுநாள் காலை முதல் அந்த வீட்டில் பாத்திரப் பரீட்சை தொடங்கியது. முதலில் சிரட்டை. அடி உருண்டையாதலால் இடது உள்ளங்கையில் நிற்காமல், பிரஷ் சுழன்ற பக்கமெல்லாம் சிரட்டையும் சுழன்றது. பிறகு பால்பேணி. பாலில்லாத வெறும் தகரத்துக்குப் பாரம் ஏது? பிரஷ் பட்டதும் சரிந்தது. அதற்குப் பிறகு ஜாம் போத்தல். கனகசிங்கம் அதை முழங்கால்களுக்கிடையில் இறுக்கிப் பிடித்து நுரைகூடக் கிளப்பிவிட்டார். அந்தச் சந்தோசத்தில் கால் சற்றுத் தளர, போத்தல் வழுக்கி விழுந்து நொறுங்கியது. அதற்குள் கிடந்த சவர்க்காரமும் நீர் வடிய வழியில்லாமல் ஊறி ஊறி ஒரு பக்கம் களியாகியிருந்தது. ராசமலர் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிவிட்டு, களியாய்ப் போனதையும் வழித்தெடுத்துக் கட்டியோடு சேர்த்து அமுக்கி வைத்தாள்.

கடைசியில் ஸெய்னுதீன் கப்பல்காரரின் எனாமல் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்தார். நல்ல காது வைத்த கோப்பை. இதுதான் சரி என்று எல்லோரும் நினைத்தார்கள். காதுக்குள் பெருவிரலை நுழைத்துத் தூக்கினால், தாங்க மற்ற விரல்கள் இல்லாமல் அது வாளி மாதிரி ஆடியது. தண்ணீர் அவருடைய நெஞ்சில் கொட்டியது.

"விடும் ராசமலர். எல்லாம் பாத்தாச்சு" என்றார் கனகசிங்கம். கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எல்லாம் பாக்கேல்லை" என்றாள் அவள்.

அன்று மத்தியானம் அவர் யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு விசிறியால் வீசியபடி இருந்தார். ராசமலர் குசினி வாசலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தையல்ல, இடது கையை. கண் வெட்டாமல் பார்த்தாள். அவருக்குச் சுறுக்கென்றது. ஊரார் பரிதாபப்படுவதையே தாங்காத மனிதர், பெண்சாதியின் பரிதாபத்தையா தாங்குவார்? சால்வையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு மற்றப்பக்கம் திரும்பிவிட்டார். அவள் சிரித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அது அவருடைய கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது.

கனகசிங்கத்தின் மூக்குப்பேணியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். வெண்கலத்தில் வார்த்த, குண்டு வயிறும் விரிந்த வாயும் பக்கத்தில் குட்டி மூக்குமாய் உள்ள பேணி. அண்ணாந்து, மூக்கால் ஊற்றி, வாய் படாமல் குடிக்க என்றே செய்தது. எங்கே போனாலும் மனிதர் வாய் வைத்துக் குடிக்கமாட்டார். கப்பலில் தேத்தண்ணீர் கொடுத்தால்கூட வேண்டாமென்று வந்துவிடுவார். வீட்டில் யன்னல் கட்டின் மேல் அந்தப் பேணி எப்போதும் தண்ணீரோடு இருக்கும். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது.

அடுத்த நாள் மத்தியானமும் அதே கதிரை, அதே விசிறி, அதே வெக்கை. காற்று உலைவாய்க் காற்றாய் அடித்தது. தொண்டை வறண்டது. கனகசிங்கம் பார்க்காமலே யன்னல் கட்டுக்குக் கையை நீட்டினார், பேணியைத் தூக்கினார், அண்ணாந்தார், ஊற்றினார்.

வாய் வைத்துக் குடிப்பவனாயிருந்தால் மூக்குக் கிட்டப் போகும்போதே மணம் பிடித்திருக்கும். அண்ணாந்து குடிப்பவனுக்கு அந்த வசதி இல்லை. சவர்க்காரத் தண்ணீர் நேரே தொண்டைக்குள் இறங்கியது. இருமினார், துப்பினார், கண்ணால் நீர் வடிந்தது. மூக்கால் ஒரு குமிழிகூட வந்தது.

"என்ர பேணிக்குள்ள... என்ர பேணிக்குள்ள ஆர் சவுக்காரம் போட்டது?"

ராசமலர் ஓடிவந்தாள். "ஐயோ, நான்தான் ஊற வைச்சனான். நீங்கள் நித்திரை எண்டெல்லோ நினைச்சன்!"

"உமக்கென்ன விசரோ? வாய் படாத பேணியப்பா இது! அதுக்குள்ள போய்..."

அவர் பேசி முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இஞ்சேருங்கோ, பேணியை எந்தக் கையில வைச்சிருக்கிறியள்?"

கனகசிங்கம் குனிந்து பார்த்தார். வலது கையில் விசிறி. இடது கையில் பேணி. குண்டு வயிறு உள்ளங்கையில் அமர்ந்திருந்தது. பெருவிரல் மூக்கின் மேலால் வளைந்து அதைக் கொளுவிப் பிடித்திருந்தது. இவ்வளவு இருமி, இவ்வளவு கத்தி, இவ்வளவு ஆட்டியும் பேணி அசையவில்லை.

"விசிறியைக் கீழ வைக்கப் பஞ்சிப்பட்டு ஒவ்வொரு மத்தியானமும் இப்பிடித்தான் குடிக்கிறியள். உங்களுக்கே தெரியேல்லை. நேற்றுப் பாத்துக்கொண்டு நிண்டன், சால்வையால மூடிப்போட்டியள்" என்றாள் ராசமலர்.

ஊரெல்லாம் அந்தக் கையில் இல்லாத விரல்களைப் பார்த்தது. அவரும் அதைத்தான் பார்த்தார். இவள் ஒருத்திதான் இருக்கிற விரல் என்ன செய்கிறது என்று பார்த்திருக்கிறாள். அதைப் பரிதாபம் என்று நினைத்தேனே என்று வெட்கமாயிருந்தது. இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்தாளே என்று பெருமையாயும் இருந்தது. இரண்டையும் மறைக்க, "பிரஷை எடும்" என்று மட்டும் சொன்னார்.

அவள் பேணியைச் சரித்துக் காட்டினாள். மூக்கால் தண்ணீர் வடிந்தது. கட்டி உள்ளேயே நின்றது. இனிக் களியாகாது. பிரஷ் சுழன்றது, பேணி சுழலவில்லை. நுரை பொங்கி வாய்வரை வந்தது. கனகசிங்கம் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, கன்னத்திலும் தாடையிலும் பூசி, வலது கையால் கத்தியை எடுத்து வழித்தார். இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை முறையிடவில்லை.

அடுத்த வாரம் பிறந்ததும் ஸெய்னுதீனோடு துறைமுகத்துக்குப் போனார். சால்வையை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனார். துரை அவருடைய முகத்தைப் பார்த்தார், கையையும் பார்த்தார், லோஞ்சைக் காட்டினார். முதல் கப்பலை அணைத்தபோது மேலிருந்து கயிறு விழுந்தது. வலது கை சுக்கானில் இருந்தது. இடது உள்ளங்கையில் கயிறு வந்து அமர்ந்தது. பெருவிரல் அதன் மேலால் வளைந்து கொளுவியது. கயிறு இழுத்தது. லோஞ்ச் ஆடியது. கை விடவில்லை.

"அல்லாவே, இந்தப் பிடிய எங்க படிச்சீங்க?" என்றார் ஸெய்னுதீன்.

"வீட்டில. ராசமலரிட்ட" என்றார் கனகசிங்கம். அப்படிச் சொல்வதில் அவருக்கு ஒரு குறைவும் தெரியவில்லை. அன்றைக்குக் கண்ட ஆட்களுக்கெல்லாம் அதையே சொன்னார்.

பொழுதுபட வீட்டுக்கு வந்தவருக்கு ராசமலர் அந்த எனாமல் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் பழக்கத்தில் அண்ணாந்து ஊற்றினார். மூக்கில்லாத கோப்பை அல்லவா, மழித்த முகமெல்லாம் தண்ணீர். அவள் சிரித்துச் சிரித்துக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"பேணியைத் தேய்ச்சுக் கழுவித் தரட்டோ? சவுக்காரத்துக்கு வேற என்னத்தையும் பாப்பம்."

கனகசிங்கம் யன்னல் கட்டைப் பார்த்தார். பேணிக்குள் சவர்க்காரம் காய்ந்து, நாளைக்குத் தயாராய் இருந்தது.

"வேண்டாம். அதுவும் இப்ப வேலைக்குப் போகுது" என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோப்பையில் வாயை வைத்துக் குடித்தார்.