காற்று அடிக்காத புதன்கிழமை

"கார் ரேஸ் ஓட்றவங்களுக்கு வயசாயிட்டா, 'போதும், வீட்டுக்கு வாங்க'ன்னு அவங்ககிட்ட யாருப்பா சொல்லுவாங்க?"

என் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. என் மடியில் உட்கார்ந்து பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் யாரோ ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்ற, உள்ளே வியர்வையில் ஒட்டிய நரைமுடி. "யாரும் சொல்ல வேண்டாம்மா, அவங்களுக்கே தெரியும்" என்றேன். குழந்தைகளுக்கு நாம் சொல்லும் பதில்களில் பாதி, உண்மையாக இருக்க வேண்டுமே என்று நாம் ஆசைப்படுகிறவைதான். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். அந்தக் கேள்வியை எப்போதோ மறந்திருப்பாள். எனக்குத்தான் இந்த வாரம் முழுக்க அது சோற்றில் அகப்பட்ட கல்லைப் போல நறநறத்துக்கொண்டிருந்தது.

நான் கட்டட வேலையில் சிக்னல்மேன். டவர் கிரேனின் உச்சியில், ஐம்பது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்குள் ஆபரேட்டர். கட்டடத்தின் மறுபக்கமும் தூண்களுக்குப் பின்னால் இருப்பதும் அவருக்குத் தெரியாது. அங்கெல்லாம் நான் நின்று வாக்கி-டாக்கியில் சொல்வதுதான் அவருக்குக் கண். ஆபரேட்டருக்கு ஐம்பத்தேழு வயது. வேலையிடத்தில் எல்லோரும் அவரை 'மாடிவீட்டுக்காரர்' என்பார்கள். எனக்கு அண்ணன். பத்தொன்பது வருடங்களாக என் குரல் அவர் காதில்தான் இருக்கிறது. என் மனைவிகூட என் பேச்சை இவ்வளவு கேட்டதில்லை.

இரண்டு பேருக்கும் கார் பந்தயப் பைத்தியம். எனக்கு அதைப் பிடிக்கவைத்ததே அவர்தான். "அங்கயும் பாருடா, ஓட்றவன் காதுல உன்ன மாதிரி ஒருத்தன் தொணதொணன்னு பேசிக்கிட்டே இருக்கான்" என்று சிரிப்பார். புதுப் பந்தய ஆண்டு தொடங்கும் மாதம் வந்துவிட்டால் எங்களுக்கு வேறு பேச்சு கிடையாது. இந்த வருடம் முதல் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு நான்கு நாள் முன்னால், புதன்கிழமை, அது நடந்தது.

முகப்புத் தளம் திறந்த இடம். மேலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். அங்கே நான் வாயே திறக்க வேண்டியதில்லை. ஒரு கட்டு இரும்புக் கம்பி மேலே போய், சுற்றி வந்து, இறங்கத் தொடங்கியது. தளத்தில் கம்பி கட்டுகிற பையன் குந்தி உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். சாம்பல் நிறச் சட்டை, சாம்பல் நிற சிமெண்ட். அண்ணன் நிறுத்துவார் என்று பார்த்தேன். கொக்கி வேகம் குறையாமல் இறங்கியது. "நிறுத்து! நிறுத்து!" என்று நான் கத்தியதில் தொண்டை கிழிந்தது. அவன் தலைக்கு மேலே ஒரு முழத்தில் கட்டு நின்று ஆடியது. அவன் நிமிர்ந்து பார்த்தான். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இரண்டடி தள்ளி உட்கார்ந்தான். அவ்வளவுதான். தன் உயிர் எவ்வளவு கிட்டே போய்விட்டு வந்தது என்று அவனுக்குத் தெரியாது.

பாதுகாப்பு அதிகாரி மேடம் ஓடி வந்தார். முப்பது வயதுப் பெண். யாரையும் அதட்டமாட்டார், எதையும் விடவும் மாட்டார்.

"என்ன ஆச்சு?"

"காத்து மேடம். திடீர்னு அடிச்சு தள்ளிடுச்சு."

யோசிக்கவே இல்லை. பொய் தானாக வந்து விழுந்தது. கிரேன் உச்சியில் காற்றைப் பார்க்க ஒரு துணி கட்டியிருக்கும். மேடம் அண்ணாந்து அதைப் பார்த்தார். பிழிந்து போட்ட துண்டு போல அது அசையாமல் தொங்கியது. பிறகு என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்குத்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். முன்பெல்லாம் மறைவான இடத்தில்கூட "இறக்கு... மெதுவா... போதும்" என்று மூன்றே வார்த்தை. இப்போது திறந்த இடத்திலும் ஐந்து மீட்டர், நான்கு, மூன்று என்று எண்ணிக்கொண்டு வருகிறேன். எத்தனை மாதமாக? யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. நடக்கத் தடுமாறுகிறவருக்கு நம் கை தானாக நீளுமே, அப்படித்தான் இதுவும் தொடங்கியிருக்க வேண்டும். புதன்கிழமை நான் எண்ண மறந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் 'வழக்கு'. வருடா வருடம் முதல் பந்தயத்துக்கு முன்னால், ஓய்வெடுக்கும் தகரக் கொட்டகையில் நடக்கும். ஒரு ஹெல்மெட்டுக்குள் இரண்டு சீட்டு போட்டுக் குலுக்குவோம். எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் வாதாட வேண்டும், மனசில் என்ன இருந்தாலும் சரி. தீர்ப்பு சொல்வது மேடம். பரிசு ஒரு பிஸ்கட் பாக்கெட். இந்த வருட வழக்கு, நாங்கள் 'நரைச்சிங்கம்' என்று பெயர் வைத்திருக்கும் ஓட்டுநரைப் பற்றி. நாற்பத்து நான்கு வயது. இன்னும் ஒரு வருடம் ஓட்டுவதாக அறிவித்துவிட்டார். சீட்டில் எழுதியது: 'இருக்கணும்', 'போகணும்'.

போன வருடம் முழுக்க நரைச்சிங்கத்தைக் கிண்டலடித்த வெல்டருக்கு 'இருக்கணும்' வந்தது. நரைச்சிங்கத்தின் படத்தைக் கிரேன் கூண்டுக்குள் ஒட்டி வைத்திருக்கும் அண்ணனுக்கு 'போகணும்'. கொட்டகையே சிரித்தது.

வெல்டர் எழுந்து நின்றான். "நாப்பத்துநாலெல்லாம் ஒரு வயசா மேடம்? எங்க மாமனாரு அறுபத்தஞ்சுல ரெண்டாவதா..."

"டேய், பொம்பளைங்க இருக்காங்க" என்றார் அண்ணன்.

"ரெண்டாவதா பல் செட்டு கட்டினாருன்னு சொல்ல வந்தேண்ணே! முடிக்க விடமாட்டீங்களே."

மேடமும் சிரித்துவிட்டார். அண்ணன் முறை வந்தது. எப்போதும்போல் கையை ஆட்டி ஏதாவது கோமாளித்தனம் செய்வார் என்று காத்திருந்தோம். அவர் உட்கார்ந்தபடியே பேசினார்.

"அவரு ஓட்றதப் பாக்காதீங்க. ரேடியோவக் கேளுங்க. முன்னெல்லாம் அவரு ரேடியோவுல பேச்சே இருக்காது. இப்ப ஒவ்வொரு வளைவுக்கும் காதுல பேசற அந்த ஆளு சொல்லிக்கிட்டே வர்றான். முன்னால வண்டி, இடது பக்கம் வண்டின்னு. ஏன் சொல்றான்? அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா தெரிஞ்சுபோச்சுன்னு மட்டும் சொல்லமாட்டான். பாசக்காரப் பய."

நான் கையிலிருந்த டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதிர்வெயில் அடிச்சா எல்லாமே பால் ஊத்துன மாதிரி ஆயிடும். ரோடும் வண்டியும் ஒரே நிறமாத் தெரியும். இது ரோடுதான்னு நம்பித்தான் போவாரு. இத்தன வருஷம் ஓட்டின ரோடாச்சே. ஒருநாள் அது ரோடா இருக்காது. அதனால போகணும். அவ்வளவுதான் மேடம்."

"யப்பா! அவரு கண்ணுக்குள்ள போய் உக்காந்து பாத்த மாதிரில்ல சொல்றாரு!" என்றான் வெல்டர். எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் தட்டவில்லை. பிஸ்கட் பாக்கெட்டை அண்ணன் முன்னால் வைத்து, "நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்றார் மெதுவாக. அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எழுந்து போனார். பாக்கெட் அங்கேயே கிடந்தது. வெல்டர் பிரித்துத் தின்றான்.

அன்று இரவு வீட்டில் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தேன். மேடத்திடம் சொன்னால், இத்தனை வருடம் ஒரு கீறல் இல்லாமல் வேலை செய்த மனிதர் கெட்ட பெயரோடு இறங்குவார். இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு, அதை எண்ணிக்கொண்டிருக்கும் அண்ணியின் முகம் வேறு. சொல்லாவிட்டால் சாம்பல் சட்டைக்காரன் தலை. சனிக்கிழமை காலையில் அவனே என்னிடம் ஓடி வந்து கைபேசியை நீட்டினான். அவன் குழந்தை முதன்முதலாக நடக்கிறது. மூன்று அடி வைத்து, தொப்பென்று உட்கார்ந்து, தானே கை தட்டிக்கொள்கிறது. "பாருங்கண்ணே, என்ன திமிரு!" என்றான். நான் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டேன். கடவுளே, பொய்யைச் சொன்னது நான். அதற்கான கூலியை இந்தப் பையனிடம் வாங்கிவிடாதே.

மதிய இடைவேளை. நாளைய பந்தயத்தில் யார் முதலில் நிற்பது என்று முடிவாகும் ஓட்டம் அன்று. எல்லோரும் கொட்டகைக்குள் ஒரு கைபேசியைச் சுற்றி அடைந்துகொண்டு, வெயிலுக்காகக் கதவைச் சாத்திவிட்டார்கள். அண்ணன் கீழே இறங்கவில்லை. நான் கிரேனின் அடியில், இரும்புக் கோபுரத்தின் நிழலில் நின்று பொத்தானை அழுத்தினேன்.

"அண்ணே."

"சொல்லுடா. சிங்கம் எத்தனாவது?"

"பாக்கலண்ணே. புதன்கிழமை காத்து அடிக்கலண்ணே."

இரைச்சல் மட்டும் கேட்டது. நான் அழுத்திய பொத்தானை விட்டு வெகு நேரம் ஆகியும் கை வலித்தது.

"மேல உக்காந்திருக்கறவனுக்குத் தெரியாதாடா காத்து அடிச்சுதா இல்லையான்னு" என்றது குரல் கடைசியில். கோபம் இல்லை. "ஒரு கண்ணு ஆறு மாசமாவே மங்கல். இப்ப இன்னொண்ணும்."

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பாத்தா சொல்லிடுவானே."

"நான் கூட வர்றேண்ணே. இன்னிக்கே போவோம்."

மேலே கொக்கி ஏறும் சத்தம் கேட்டது.

"மேடம்கிட்ட நானே சொல்லிக்கறேன். நீ சொல்லாத. அந்தப் பொண்ணு மூணு நாளா எனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்குன்னு நெனைக்கிறேன்." இருமினார். "கொக்கிய மேல ஏத்திப் பூட்டிட்டேன். இறங்கறேன்."

கோபுரத்துக்குள் ஏணி தெரியும் இடத்துக்கு வந்து நின்றேன். ஐந்து நிமிடம் ஆனது. ஏணியில் யாரும் இல்லை.

"டேய்." குரல் மாறியிருந்தது. "தினமும் இறங்கற படிதான். இன்னிக்குக் காலு நம்பமாட்டேங்குது."

பத்தொன்பது வருடமாக அந்த ஏணியை நான் தொட்டதில்லை. அதற்கு முன்னால் நான் உயரத்தில் வேலை செய்தவன். ஒருநாள் ஏறும்போது, பாதி வழியில், காரணமே இல்லாமல் உடம்பு இறுகிப்போனது. ஏணியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. ஐந்து மாதக் குழந்தை வீட்டில். சாப்பிட்டுவிட்டு ஏறி வந்த ஆபரேட்டர் என் காலுக்குக் கீழே வந்து நின்றார். அப்போது எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. என் செருப்புக் காலைக் கையால் பிடித்து ஒரு படியில் வைத்தார். "இது ஒண்ணு" என்றார். அப்படியே தரை வரைக்கும். மறுநாள் பொறியாளரிடம் போய், "இவன் குரல் நல்லா தெளிவா இருக்கு, எனக்கு ரேடியோவுக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். எனக்கு உயரம் ஆகாது என்று இன்றுவரை வேறு ஒருவருக்கும் தெரியாது. அந்த நாளைப் பற்றி அவர் என்னிடமே ஒரு வார்த்தை பேசியதில்லை.

இடுப்பில் பாதுகாப்புப் பட்டையைக் கட்டி, அதன் கொக்கியை ஏணியில் மாட்டினேன். மேலே பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. கண்ணெதிரே இருந்த கம்பியின் துருவை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். ஏணியின் ஒவ்வொரு இடைத்தட்டிலும் கொக்கியைக் கழற்றி அடுத்த கம்பியில் மாட்டினேன். வாய் எதையோ ஜெபித்தது, என்னவென்று எனக்கே தெரியவில்லை. கடைசித் தட்டுக்கு வந்தபோது தலைக்கு மேலே, கூண்டின் அடியிலிருந்து ஒரு கனத்த பூட்ஸ் கால் வெளியே வந்தது. காற்றில் இப்படியும் அப்படியும் துழாவியது.

கீழே கொட்டகைக்குள்ளிருந்து ஒரு பெரும் கூச்சல் எழுந்தது. யாரோ முதலில் வந்துவிட்டார்கள். யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

நான் கையை நீட்டி அந்தக் காலைப் பிடித்தேன். ஒரு நொடி அவருடைய கனம் முழுவதும் என் உள்ளங்கையில் இறங்கியது. பிறகு படியில்.

"இது ஒண்ணு" என்றேன்.